ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா விடுமுறை: திட்டமிடுவது முதல் கரையேறுவது வரை

அந்தமானுக்கு நான்கு நாள் பயணமாகச் சென்று, செல்லுலார் சிறைக்கும் ராதாநகர் கடற்கரைக்கும் நடுவே கிடைக்கும் ஒரு காலைப்பொழுதில் ஸ்கூபாவையும் (காற்றுச் சிலிண்டரைச் சுமந்து கடலுக்கடியில் நீந்துவதையும்) முடித்துக்கொண்டு திரும்புவதுதான் நம்மவர்கள் பலருடைய வழக்கம். அதில் தவறு ஒன்றும் இல்லை என்றாலும், அதை ஸ்கூபா விடுமுறை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கடலுக்கடியில் போவதற்காகவே ஒரு விடுமுறையை ஒதுக்க நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பணத்தைவிட, உபகரணங்களைவிட, நீச்சல் திறமையைவிடவும் இதில் முக்கியமானது நாள்கணக்கு. அது தாராளமாக இருந்தால் மோசமான வானிலை, அடைத்த காது, தாமதமான கப்பல் ஆகிய எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம்.

ஹேவ்லாக் தீவுக்கு 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது; போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பயணச்சீட்டுகளில் இந்தப் புதிய பெயர்களையும் காண்பீர்கள் என்பதால் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பேச்சில் இன்னும் பழைய பெயர்களே புழங்குகின்றன, நானும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

முதல் படி: மாதமும் திதியும்

டிசம்பர் நடுப்பகுதி தொடங்கி ஏப்ரல் முடிய உள்ள காலமே இங்கு முக்குளிப்பதற்கு ஏற்றது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிப்பதும், நீர் கலங்குவதும், தொலைவில் உள்ள பாறைகளுக்குப் படகுகள் போகாமல் இருப்பதும் வழக்கமாகிவிடும். அக்டோபர், நவம்பரில் வங்கக்கடலில் உருவாகும் புயல் சின்னங்களை நம்பித் திட்டமிட முடியாது. கூட்டத்தைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறைகளை விட்டுவிட்டுப் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 முதல் 30 டிகிரி வரை இருப்பதால் குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (உடலோடு ஒட்டும் ரப்பர் உடை) போதும்.

மாதத்தை முடிவு செய்த பிறகு நாட்காட்டியில் திதியையும் பாருங்கள். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாள்களில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் அதிகமாக இருக்கும் என்பதால் நீரோட்டமும் வலுவாக இருக்கும், வண்டல் கிளம்பி நீரும் சற்று மங்கும். அரைநிலா நாள்களில், அதாவது அஷ்டமி, நவமி, தசமி வாக்கில், ஓட்டம் தணிந்திருக்கும். வீட்டுப் பெரியவர்கள் பயணம் கிளம்பக் கூடாது என்று தடுக்கும் அஷ்டமியும் நவமியும்தான் புதிதாகக் கற்பவர்களுக்குக் கடல் இடம்கொடுக்கும் நாள்கள் என்பதை என் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

மொத்தம் எத்தனை நாள் வேண்டும்? ஒரே ஒரு முறை மூழ்கிப் பார்ப்பவர்களுக்கு ஹேவ்லாக்கில் மூன்று இரவுகள் போதும். பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க விரும்புகிறவர்கள் குறைந்தது ஆறு இரவுகளாவது அங்கே தங்குமாறு திட்டமிட வேண்டும். பயிற்சி நான்கு நாள்களில் முடிந்துவிடும், எஞ்சிய நாள்கள் மழைக்கும் சளிக்கும், கற்றதை நிதானமாக அனுபவிப்பதற்கும். அதற்குமேல் கடைசி இரவைப் போர்ட் பிளேரில் கழிக்க வேண்டும். அதற்குக் காரணங்கள் இரண்டு, பின்னர் வரும்.

இரண்டாம் படி: உடலை விசாரிப்பது

டிக்கெட் எடுக்கும் முன்பே செய்ய வேண்டிய இந்த வேலையைப் பலர் தீவில் இறங்கிய பிறகுதான் செய்கிறார்கள். முக்குளிப்பு மையங்கள் அனைத்தும் ஒரு மருத்துவப் படிவத்தை நிரப்பச் சொல்லும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, நுரையீரல் பாதிப்பு, காது அல்லது சைனஸ் அறுவைச் சிகிச்சை, நீரிழிவுக்கான மருந்து போன்றவற்றைப் பற்றிய கேள்விகளில் சிலவற்றுக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்ல நேர்ந்தால் மருத்துவரின் கையொப்பம் இல்லாமல் உங்களை நீரில் இறக்க மாட்டார்கள். கர்ப்பிணிகள் முக்குளிக்கக் கூடாது. அங்கே போய் மருத்துவரைத் தேடி அலைவதைவிட, ஊரிலேயே படிவத்தைக் காட்டிக் கையொப்பம் வாங்கி வருவது எளிது. படிவத்தில் பொய் சொல்லிவிட்டு இறங்குவது எந்த வகையிலும் புத்திசாலித்தனம் அல்ல, ஏனென்றால் அதனால் ஏமாறப்போவது பயிற்றுநர் அல்ல.

சளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் முதல் பயணத்தில், முன்பணம் கட்டியாயிற்றே என்ற எண்ணத்தில், மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன். இறங்கும்போது தொல்லை ஏதும் இல்லை. அரைமணி நேரத்துக்குப் பிறகு மேலேறத் தொடங்கியபோது மாத்திரையின் வேகம் குறைந்துவிட்டிருந்ததால், நெற்றிக்குள் சிக்கிய காற்று வெளியேற வழியின்றி விரிந்தது. புருவத்துக்கு மேலே ஆணி அறைவதைப் போன்ற அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு, ஓரடி ஏறுவதும் அரையடி இறங்குவதுமாகக் கரைக்கு வந்து மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே ரத்தக் கறை. அடுத்த மூன்று நாள்கள் கடற்கரையில் உட்கார்ந்து மற்றவர்களுடைய ஈர உடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சளி இருந்தால் இறங்காதீர்கள். அந்த நாளை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு உங்கள் திட்டத்தில் இடம் இருக்கட்டும்.

மூன்றாம் படி: ஒருமுறை மூழ்குவதா, முறையாகக் கற்பதா

நீச்சல் தெரியாதவர்களும் செய்யக்கூடியது ‘டிஸ்கவர் ஸ்கூபா’ அல்லது ‘டிரை டைவ்’ எனப்படும் அறிமுக முழுக்கு. இதில் பயிற்றுநர் உங்கள் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, உங்களுக்காக எல்லாவற்றையும் தானே இயக்குவார். ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது. இடுப்பளவு நீரில் சிறிது நேரப் பயிற்சிக்குப் பிறகு முப்பது, நாற்பது நிமிடங்கள் உள்ளே இருக்கலாம்.

‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சி வேறு வகையானது. பாடம், ஆழமற்ற நீரில் பயிற்சிகள், கடலில் நான்கு முழுக்குகள் ஆகியவற்றை முடித்தவர்கள் 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி பெறுகிறார்கள். பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. ஆகிய அமைப்புகளின் சான்றிதழ்களே இங்கு பெரும்பாலும் வழங்கப்படுகின்றன. இரண்டும் உலகெங்கும் செல்லும், வாழ்நாள் முழுவதும் செல்லும். பத்து வயது நிரம்பிய குழந்தைகளும் இளையோருக்கான சான்றிதழ் பெறலாம். இதற்கு அடிப்படை நீச்சல் தேவை: நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். வேகம் கணக்கில்லை. மூன்று மாதம் முன்னதாக உள்ளூர் நீச்சல்குளத்தில் சேர்ந்துவிட்டால் போதுமானது.

இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், நீந்தத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். அறிமுக முழுக்கில் நீங்கள் சுமை. பயிற்சிக்குப் பிறகு நீங்கள் பயணி. பாடப் பகுதியை இணையத்தில் படிக்கும் வசதி இருப்பதால், அதைச் சென்னையிலோ கோவையிலோ வீட்டிலிருந்தபடி முடித்துக்கொண்டு போனால் தீவில் ஒரு நாள் மிச்சமாகும். பயிற்சிக் கட்டணம் மையத்துக்கு மையம், பருவத்துக்குப் பருவம் மாறும். எனவே கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல், அதில் படகுச் செலவு, உபகரண வாடகை, சான்றிதழ் கட்டணம் ஆகியவை அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: போய்ச் சேருவது

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். கப்பலில் போகவும் வழி உண்டு. ஆனால் அது ஏறக்குறைய மூன்று நாள் பயணம் என்பதாலும், மாதத்துக்குச் சில நடைகளே இருப்பதாலும், விடுமுறையைக் கப்பலிலேயே கழிக்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகுகள் ஒன்றரை மணி நேரத்திலும், ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து புறப்படும் அரசுப் படகுகள் இரண்டரை மணி நேரத்திலும் போகின்றன. அரசுப் படகு மலிவு, மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கலாம். ஆனால் இருக்கை கிடைப்பது நிச்சயமில்லை. இந்தியக் குடிமக்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை என்றாலும் அசல் அடையாள அட்டை ஒவ்வொரு துறையிலும் கேட்கப்படும்.

தீவில் வங்காளிகளே மிகுதி. கோவிந்த நகர், விஜய் நகர், கிருஷ்ணா நகர் என்ற ஊர்ப்பெயர்கள் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வரலாற்றைச் சொல்லும். இருந்தாலும் வழி கேட்பவர்கள் எண்களில்தான் கேட்பார்கள்: ஒன்றாம் எண் படகுத்துறை, மூன்றாம் எண் கடைவீதி, ஐந்தாம் எண் தங்கும் விடுதிகள், ஏழாம் எண் ராதாநகர் கடற்கரை. முக்குளிப்பு மையங்கள் கிழக்குக் கரையை ஒட்டி இருப்பதால் அந்தப் பக்கம் தங்குவதுதான் வசதி. போர்ட் பிளேரில் தமிழ் பேசி ஆட்டோ பிடித்தவர்கள் இங்கே இந்திக்கு மாற வேண்டியிருக்கும்.

சென்னையிலிருந்து போடப்பட்ட கடலடி இணையக் கம்பித்தடம் 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்த பிறகு இணையம் தேவலாம், ஆனாலும் ஏ.டி.எம். இயந்திரங்களை மட்டும் நம்பாமல் கையில் பணம் வைத்திருங்கள். மணற்கொசுக்கடிக்கு ஒரு களிம்பும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி கடித்த இடத்தைச் சொறிந்தால் ஒரு வாரம் ஆறாது, புண்ணோடு உப்புநீரில் இறங்குவது சுகமான அனுபவம் அல்ல.

ஐந்தாம் படி: மையத்தைத் தேர்ந்தெடுப்பது

பணம் கட்டும் முன் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. அறிமுக முழுக்கென்றால் ஒருவருக்கு ஒருவர் என்பதற்குக் குறைந்து ஒத்துக்கொள்ளாதீர்கள். படகில் அவசரகால ஆக்சிஜன் இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டவுடன் எடுத்துக் காட்டுபவர்கள் நல்லவர்கள், ‘எல்லாம் இருக்கு சார்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறவர்களை விட்டுவிடலாம். கழுவிய உபகரணங்களை நிழலில் காயப்போட்டிருக்கிறார்களா, மூச்சு விடுவதற்காக வாயில் வைக்கும் ரெகுலேட்டரின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். ஒருமுறை நான் சேர்ந்த ஓரிடத்தில் எனக்குத் தந்த அழுத்தமானியின் முள், சிலிண்டரைக் கழற்றிய பிறகும் சுழிக்குத் திரும்பாமல் 30 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நின்றது. சுட்டிக்காட்டியபோது ‘அது எப்பவும் அப்படித்தான், முப்பதைக் கழிச்சுக்குங்க’ என்றார்கள். நான் முன்பணத்தைக் கழித்துக்கொண்டு வேறிடம் போனேன்.

ஆறாம் படி: முதல் முழுக்கு

அந்தமான் இந்தியாவின் கிழக்குக் கோடியில் இருந்தும் நம் கடிகாரத்தையே பின்பற்றுவதால், குளிர்காலத்தில்கூட ஐந்தரை மணிக்கெல்லாம் நன்றாக விடிந்து, மாலை ஐந்தேகாலுக்கு இருட்டத் தொடங்கிவிடும். ஆகவே முழுக்குகள் காலை ஆறு, ஆறரைக்கே தொடங்குகின்றன. முந்தைய இரவு மது வேண்டாம்; நிறையத் தண்ணீர் குடியுங்கள்; காலையில் இரண்டு வாழைப்பழமோ ரொட்டியோ போதும்.

முதலில் வெட்சூட். ஈர உடலோடு அதற்குள் நுழைவது எளிது, வேர்த்த உடலோடு நுழைவது போராட்டம். பிறகு இடுப்பில் ஈய எடைகள், முதுகில் காற்றுப் பையோடு இணைத்த சிலிண்டர், காலில் துடுப்பு போன்ற ஃபின். முழுச் சிலிண்டர் ஏறத்தாழ 15 கிலோ இருக்கும், தண்ணீருக்குள் அது தெரியாது. மாஸ்க்கின் உட்புறத்தில் எச்சில் துப்பித் தேய்த்துக் கடல்நீரில் அலசினால் பனி படியாது. முகம் சுளிக்காதீர்கள், விலையுயர்ந்த மருந்துகளைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது. சிலிண்டரில் அடைத்திருப்பது தூய ஆக்சிஜன் அல்ல, நாம் சுவாசிக்கும் அதே காற்று. பொதுவாக 200 பார் அழுத்தத்தில் நிரப்பியிருப்பார்கள்.

நீருக்குள் பேச முடியாது என்பதால் கைச்சைகைகளைக் கற்க வேண்டும். இதில் நம்மவர்கள் அனைவரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. ‘எப்படி இருக்கிறது?’ என்று பயிற்றுநர் கேட்டதும் மகிழ்ச்சியோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவோம். கடலுக்கடியில் அதற்கு ‘என்னை மேலே கொண்டு போ’ என்று பொருள். அவரும் கொண்டு போய்விடுவார். நலமாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து வட்டமிட வேண்டும்.

இறங்கும்போது கவனம் முழுவதும் காதில் இருக்கட்டும். பத்து மீட்டர் இறங்கினால் உடல்மேல் உள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்காகிவிடும். அதிலும் முதல் சில மீட்டர்களில்தான் மாற்றம் மிக வேகமாக நிகழ்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெல்லக் காற்றை மூக்குக்குள் தள்ளினால் காதுக்குள் ‘ப்ளக்’ என்று திறக்கும். வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். திறக்கவில்லையென்றால் பலங்கொண்டு ஊதாமல் ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் அன்றைய முழுக்கு அவ்வளவுதான்.

இரண்டாவது விதி மூச்சு. எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது. ஆழத்தில் இழுத்த காற்று மேலேறும்போது விரியும். அடக்கிவைத்தால் விரிய இடமில்லாமல் நுரையீரலையே கிழித்துவிடலாம். நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விடுங்கள். தொடக்கத்தில் குமிழிகளின் சத்தம் காதை நிறைக்கும். சிறிது நேரம் கழித்து, அந்தச் சத்தத்துக்கு இடையே பவளத்தைக் கிளிமீன்கள் கொறிக்கும் ‘கரக் கரக்’ ஒலி கேட்கத் தொடங்கினால் உங்கள் மூச்சு அடங்கிவிட்டது என்று அறியலாம்.

திரும்பி வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறுவதற்கே இந்த நிறுத்தம். மேலே வரும்போது சிலிண்டரில் 50 பார் மீதமிருக்க வேண்டும்.

ஏழாம் படி: எங்கே இறங்குவது

அறிமுக முழுக்குகள் பெரும்பாலும் கரையிலிருந்தே நடந்து இறங்கும் ‘நீமோ ரீஃப்’ என்ற பவளத் திட்டில் நடக்கும். ஆழம் குறைவு. கடற்சாமந்தியின் விரல்களுக்கிடையே வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் உங்கள் கட்டைவிரல் அளவே இருக்கும். மாஸ்க்கை நோக்கி நேராக வந்து முறைத்துவிட்டுப் பின்வாங்கும். பயிற்சி பெற்றவர்கள் படகில் லைட்ஹவுஸ், அக்வேரியம், வால் போன்ற இடங்களுக்குப் போவார்கள். ‘வால்’ (Wall) என்பது பெயருக்கேற்ப நீருக்கடியில் எழுந்து நிற்கும் பாறைச் சுவர், அதன் உச்சி புதியவர்களுக்கும் எட்டும், அடிவாரம் யாருக்கும் தேவையில்லாத ஆழத்தில் இருக்கிறது.

டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ், ஜாக்சன்ஸ் பார் ஆகியவைதான் இந்தத் தீவுக்குப் பெயர் வாங்கித் தந்தவை. படகில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஆழமும் நீரோட்டமும் அதிகம் என்பதால் 30 மீட்டர் வரை இறங்கத் தகுதிதரும் ‘அட்வான்ஸ்டு’ பயிற்சி பெற்றவர்களையே அழைத்துச் செல்வார்கள். ஜானிஸ் கார்ஜில் சீலா மீன்கள் வெள்ளிக் கம்பங்களாகக் கூட்டங்கூட்டமாக மிதந்து நிற்பதைப் பார்த்தபோது, காசிமேட்டில் கூடையில் கிடந்த சீலாவை மட்டுமே அறிந்திருந்த எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. களவா, பாரை, திருக்கை, அஞ்சாலை, அழுங்காமை என்று நமக்குப் பெயர் தெரிந்தவை பலவும் அங்கே உண்டு. செத்துக்கிடக்கும் பவளத் திட்டுகளையும் காண்பீர்கள். 2010ஆம் ஆண்டில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தது இங்கே பெரிய அடி. சில இடங்கள் தேறிவிட்டன, சில தேறவில்லை.

உயிரினங்களைப் பொறுத்தவரை தொடாமல் இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. விதிவிலக்கு பெரிய கிளாத்தி மீன். கூட்டில் முட்டையிருக்கும் காலத்தில் அது துரத்திக் கடிக்கும். தன் கூட்டுக்கு நேர்மேலே விரியும் கூம்பு முழுவதையும் அது தன் எல்லையாகக் கருதுவதால், மேல்நோக்கித் தப்பிக்காமல் பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும். சதுப்புநில ஓடைகள் கலக்கும் இடங்களில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை அலங்காரமாக எண்ண வேண்டாம். 2010இல் ராதாநகர் அருகே ஓர் உயிர் போயிருக்கிறது.

எட்டாம் படி: விமானம் ஏறும் முன்

உடலில் எஞ்சியுள்ள நைட்ரஜன் முற்றிலும் வெளியேறும் முன் விமானத்தில் உயரப் பறந்தால் மூட்டுவலி தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுவிடக்கூடிய அழுத்தக்குறை நோய் வரலாம். ஒரே ஒரு முழுக்குக்குப் பின் 12 மணி நேரமும், தொடர்ந்து பல நாள் மூழ்கியவர்கள் 18 மணி நேரமும் குறைந்தபட்சம் காத்திருக்க வேண்டும் என்பது பரிந்துரை. நான் எப்போதும் ஒரு முழு நாள் விடுகிறேன். கடைசி இரவைப் போர்ட் பிளேரில் கழிக்கச் சொன்னதன் முதற்காரணம் இது. காற்று அடித்தால் படகுகள் ரத்தாகி விமானத்தைத் தவறவிட நேரும் என்பது இரண்டாவது. முழுக்குக்குப் பிறகு மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் ஏதாவது தோன்றினால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடாமல் உடனே மையத்தாரிடம் சொல்லுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல ஸ்கூபாவை ஏற்பதில்லை என்பதால், பாலிசியின் அந்தப் பத்தியைப் புறப்படும் முன் படித்துவிடுங்கள்.

அந்த ஓய்வு நாளில் உங்கள் முழுக்குகளின் பதிவேட்டை எழுதி முடியுங்கள்: இடம், ஆழம், நிமிடங்கள், எத்தனை கிலோ ஈயம், என்ன பார்த்தீர்கள் என்பனவற்றோடு பயிற்றுநரின் கையொப்பம். அடுத்த முறை வேறு கடலில் இறங்கும்போது உங்களுக்கு எத்தனை கிலோ ஈயம் வேண்டும் என்பதை அந்தப் பக்கம்தான் சொல்லும். பெட்டியைக் கட்டும் முன் குழந்தைகளின் சட்டைப்பைகளைச் சோதியுங்கள். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டானாலும் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. விமான நிலையத்தின் எக்ஸ்ரே திரையில் அது தெளிவாகத் தெரியும்.